கொசஸ்தலை ஆற்றின் கடைசிக் கரையிலிருந்து, வெள்ளத் தடுப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் வெள்ளத் தடுப்புப் பணிகளையும் ஆற்றுக் கரைகளையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

உடைந்து கிடக்கும் ஆற்றுக்கரையைக் கட்டித் தரச் சொல்லி எங்கள் தெரு மக்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. எங்கள் பகுதி இயற்கையிலேயே தாழ்வானது, கரை வேலை இப்போதைய திட்டத்தில் இல்லை, மழைக்காலத்தில் அறிவிப்பு வந்தவுடன் நிவாரண முகாமுக்குப் போகத் தயாராக இருங்கள் என்பதுதான் அதன் சாரம். யாராவது நேரில் வந்து பார்த்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. காரணத்தை உங்கள் மேசைக்கு மட்டும் அனுப்பினால் அது கோப்புக்குள் போய்விடும் என்பதால், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மணலி புதுநகரை ஒட்டி, கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தை நெருங்கும் இடத்தில். முகவரியில் சென்னை என்று எழுதினாலும் எங்கள் அன்றாடம் ஆற்றங்கரைச் சிற்றூரின் அன்றாடம்தான். என் மாமியார் இருட்டோடு எழுந்து மாடு கறப்பார். விடிவதற்குள் பால் கேன் சைக்கிளில் மணலிக்குப் போய்விடும். பக்கத்துத் தெருவில் கீரைப்பாத்தி போட்டிருக்கிறார்கள். வெள்ளிவாயல் பக்கம் கழனி வைத்திருப்பவர்கள் இன்னும் சம்பா நடுகிறார்கள். இருளர் குடும்பங்கள் கடல் நீர் இறங்கும் வற்றம் பார்த்து ஆற்றில் இறங்கி, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். என் கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். நான் மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆற்றை வைத்துப் பிழைப்பவர்களும், ஆற்றுக்கு அப்பால் இருக்கும் யார்டுகளிலும் தொழிற்சாலைகளிலும் கூலி வாங்குபவர்களும் ஒரே தெருவில் கலந்து வாழ்கிறோம்.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது எங்கள் பஞ்சாயத்தும் அதில் சேர்ந்தது. அன்றோடு நூறு நாள் வேலை போனது. வாய்க்கால் வெட்டவும் கரையில் மண் போடவும் எங்கள் பெண்கள் போய்வந்த வேலை அது. கூலி கிடைத்தது, வாய்க்காலும் திறந்திருந்தது. கிராம சபையும் போனது. கூட்டத்தில் எழுந்து நின்று "இந்த மதகு அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று சொன்னால் தலைவர் மறுநாள் வந்து பார்ப்பார். இன்று அதைச் சொல்ல எங்களுக்கு இடம் இல்லை. சொத்து வரியை நாங்கள் நகரத்துக்காரர்களாகத்தான் கட்டுகிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் உங்கள் வெள்ள அபாய எச்சரிக்கை வரும். பூண்டி நீர்த்தேக்கத்தில் ஷட்டர் தூக்கும்போது வருவது ஒரு பட்டியல். நம்பாக்கம், கிருஷ்ணாபுரம் என்று தொடங்கி, மெய்யூர், வெள்ளியூர், தாமரைப்பாக்கம், திருக்கண்டலம், சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம், இடையான்சாவடி, மணலி புதுநகர், சடையான்குப்பம், எண்ணூர் என்று ஆற்றோடு இறங்கி வரும். புழல் ஏரியின் உபரி நீரைத் திறக்கும்போது இன்னொரு பட்டியல். நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம். இரண்டும் எங்கள் பக்கத்தில் வந்துதான் முடிகின்றன. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. இந்த இரண்டும் நிரம்பி வழியும் தண்ணீர், ஒன்று ஆற்றிலும் ஒன்று உபரிக் கால்வாயிலுமாக வந்து சேர்ந்து கடலுக்குப் போகும் வாசல் எங்கள் ஊர். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் வரிசை மாறாமல் மனப்பாடம்.

ஷட்டரைத் தூக்காதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அணை நிரம்பினால் திறந்துதான் ஆக வேண்டும், திறக்காமல் கரை உடைந்தால் என்ன ஆகும் என்று ஆற்றோரம் பிறந்த எங்களுக்குத் தெரியும். எங்கள் கேள்வி வேறு. அந்தத் தண்ணீர் கடைசியாக எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும் என்று உங்கள் பட்டியலே சொல்கிறது. அப்படியானால் அது தடையில்லாமல் கடலுக்குப் போக நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?

எச்சரிக்கையில் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று இருக்கும், பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள் என்று இருக்கும். அதோடு முடிந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என் மாமியார் என்ன செய்வார்? தண்ணீர் எங்கள் தெருமுனைக்கு எத்தனை மணிக்கு வரும், முட்டியளவு நிற்குமா இடுப்பளவு ஏறுமா என்பதுதான் அவருக்கு வேண்டும். மாட்டை அவிழ்ப்பதா, வைக்கோலை மேலே ஏற்றினால் போதுமா என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய முடியும். பூண்டியில் விட்ட தண்ணீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டையும் வல்லூர் அணைக்கட்டையும் தாண்டி எங்களிடம் வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்த கணக்கு. எங்களுக்கு மட்டும் அதைச் சொல்வதில்லை.

2021 நவம்பரில் பூண்டியில் பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டு, மணலி புதுநகர் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததைத் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். படகில் ஆட்களை ஏற்றுவதைத்தான் அதில் காட்டினார்கள். வெள்ளம் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று காட்டவில்லை. அது முதலில் ஆற்றுப் பக்கத்திலிருந்து வருவதில்லை. கழிப்பறையில்தான் முதலில் தெரியும். ஊற்றிய தண்ணீர் இறங்காது. பிறகு கொல்லைப்புறத்து வாய்க்கால் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். ஆற்றில் வடிய வேண்டிய தண்ணீரை ஆறு திருப்பித் தள்ளுகிறது என்று அர்த்தம். அப்போது எங்கள் கையில் கொஞ்ச நேரம்தான் இருக்கும். பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போடுவோம். அரிசி மூட்டையை ஸ்டூல் மேல் ஏற்றுவோம். அதற்குப் பிறகுதான் கரை உடைந்த இடத்தில் ஆறு ஏறி வரும். அது ஏறும் வேகத்தைப் பார்த்தால் வேறு எந்த யோசனையும் வராது, பிள்ளையைத் தூக்கத்தான் தோன்றும்.

அந்த இரவு மாடுகளை டிபிபி ரோட்டுக்கு, அதாவது திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலைக்கு, ஓட்டிக்கொண்டு போனோம். உயரமாக இருந்த இடம் அந்த ரோடு மட்டும்தான். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், ஒரு பக்கம் தண்ணீர். மிரண்ட மாடுகளைத் தும்போடு பிடித்துக்கொண்டு, பெண்களும் கிழவர்களும் மழையில் விடியும்வரை நின்றோம். முகாமுக்கு ஏன் போகவில்லை என்று பிறகு ஒரு அலுவலர் கோபித்துக்கொண்டார். முகாம் என்பது ஒரு பள்ளிக்கூடம். அங்கே மாட்டுக்கு இடமில்லை. ஒரு கறவை மாடு போனால் எங்களில் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் எழுந்திருக்க முடியாது. கடனில் வாங்கிய மாடுகள் அவை. மாட்டை விட்டுவிட்டுப் போ என்று சொல்கிற எந்த ஏற்பாடும் எங்கள் ஊரில் பலிக்காது. பிடிவாதக்காரர்கள் என்று எங்களைக் குறித்துவைப்பதற்கு முன் இதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அன்று எங்கள் முதியவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மீனவர்களின் ஃபைபர் படகு. யாரும் அழைக்காமல் அவர்களாகவே வந்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. இருளர் பெண்கள் கையால் தடவிய சேற்றில் அது படிந்தது. நல்ல இறாலாக இருந்தாலும் எண்ணூர் இறால் என்றால் வேண்டாம் என்று வியாபாரிகள் திரும்பிப் போனார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன்: மேலே யார் எதைத் திறந்துவிட்டாலும் அது எங்களிடம் வந்துதான் சேர்கிறது.

இப்போது உங்கள் பதிலில் இருக்கும் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். இயற்கையிலேயே தாழ்வான பகுதி என்கிறீர்கள்.

எங்கள் வீட்டை என் மாமனார் 1980களில் கட்டினார். தெருவிலிருந்து வாசலுக்கு ஐந்து படி ஏற வேண்டும். ஆற்றோரம் என்பதால் கடன் வாங்கியாவது உயர்த்திக் கட்டியிருக்கிறார். இன்று தெருவிலிருந்து வாசலுக்கு இரண்டு படி இறங்குகிறோம். வீடு புதையவில்லை, அஸ்திவாரம் அப்படியே இருக்கிறது. பழைய சாலை மேலேயே புதுச் சாலை, அதன் மேல் இன்னொரு சாலை என்று போட்டுக்கொண்டே வந்தார்கள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அரசே உத்தரவு போட்டது. எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் சுரண்டாமல்தான் போட்டார்கள்.

தெருவுக்கு அப்பால் பாருங்கள். முன்பு மழைத்தண்ணீர் போய்த் தங்கிய சதுப்பும் கழனியும் இருந்த இடத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, ஆள் உயரத்துக்கு மேடாக்கி, கன்டெய்னர் யார்டு போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மதில். நடுவே ஓடிய வாய்க்கால் எங்கே என்று கேட்டால், குழாய் பதித்திருக்கிறோம் என்று ஒரு சின்னக் குழாயைக் காட்டுகிறார்கள். மாடு இறங்கித் தண்ணீர் குடித்த வாய்க்கால் அது. அதன் அகலம் இன்றும் பழைய வரைபடத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஆற்றுக்குள் பாருங்கள். அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்திருப்பது நான் புதிதாகச் சொல்லும் செய்தி இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2022இல் அதைப் பற்றி உத்தரவு போட்டது. முன்பு ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இன்று இடுப்பளவில் நின்று வலை வீசுகிறார்கள். ஆழம் குறைந்தால் ஆற்றில் தண்ணீர் கொள்ளுமா? முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கிறது. அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்துவிட்டால் கடல் ஏற்றம் உள்ளே தள்ளும், ஆற்று வெள்ளம் வெளியே தள்ளும். இரண்டும் முட்டிக்கொண்டு நிற்பது எங்கள் தெருவில்.

இதற்கு எல்லாவற்றிலும் பெரிய சாட்சி ஊர்ப் பெரியவர்கள். வெள்ளம் அவர்கள் காலத்திலும் வந்திருக்கிறது. கொசஸ்தலையில் தண்ணீர் வராமல் இருந்ததில்லை. ஆனால் சாயங்காலம் ஏறினால் மறுநாள் வடிந்துவிடும், வண்டலைப் போட்டுவிட்டுப் போகும், கீரை நன்றாக வரும் என்று எண்பது வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். இன்று நாள்கணக்கில் நிற்கிறது, வடிந்தபின் கறுப்புச் சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் விட்டுவிட்டுப் போகிறது. இயற்கையிலேயே தாழ்வான ஊர் என்றால் அன்றும் இப்படித்தான் நின்றிருக்க வேண்டும். அன்று வடிந்தது, இன்று வடியவில்லை. இடையில் மாறியது எங்கள் ஊர் மண்ணா, எங்களைச் சுற்றிக் கொட்டிய மண்ணா? மட்டம் பார்க்கும் கருவியோடு ஒரு பொறியாளர் ஒரு பகல் வந்து நின்றால் இதற்கு விடை தெரிந்துவிடும்.

கொசஸ்தலை வடிநிலத்தில் மழைநீர் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 251 மில்லியன் டாலர் கடன் ஒப்புக்கொண்டது. வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் தேங்கக் கூடாது என்பதற்கான திட்டம். எங்கள் சொந்தக்காரர்கள் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் தண்ணீர் நிற்காமல் இருந்தால் எங்களுக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த வடிகால்கள் எல்லாம் கடைசியில் எங்கே போய் விழும்? முன்பு அங்கங்கே தேங்கி, மெல்ல மெல்ல வந்த தண்ணீர் இனி வேகமாக வந்து ஆற்றில் விழும். வடிகாலுக்குப் பணம் ஒதுக்கிய அதே மூச்சில், அது போய்ச் சேரும் ஆற்றின் கரைக்கும் முகத்துவாரத்துக்கும் ஒதுக்கியிருக்க வேண்டாமா? மேலே கட்டிவிட்டுக் கீழே விட்டுவிட்டால், ஒரு தெருவின் வெள்ளத்தை எடுத்து இன்னொரு தெருவில் கொட்டுவதுதான் அது.

இடம் மாறிப் போய்விடுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லிப் பார்க்கிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அடுக்குமாடியில் வீடு தருவார்களாம். மாட்டை எந்த மாடியில் கட்டுவது? வற்றம் எப்போது என்று பார்த்து ஆற்றில் இறங்குகிற பெண் அங்கிருந்து எப்படி வருவாள்? மண் கொட்டி மேடாக்கியவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்களுக்கு முன்பே இருந்த நாங்கள் கிளம்ப வேண்டும் என்பதை ஒரு தீர்வாக எங்களால் எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கள் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன்.

வல்லூர் அணைக்கட்டிலிருந்து முகத்துவாரம் வரை ஆற்றின் இரு கரைகளிலும் நில மட்டத்தை அளந்து, எங்கே யார் எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள், அதற்கு அனுமதி உண்டா என்பதைத் தமிழில் வெளியிடுங்கள். அந்த அளவு வரும்வரை ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் இனி ஒரு லாரி மண்ணும் கொட்ட விடாதீர்கள். மூடப்பட்ட வாய்க்கால்களை வருவாய்த்துறை வரைபடத்தில் இருக்கும் அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாய்களை எடுத்துவிட்டுச் சரியான சிறுபாலம் போடுங்கள்.

உடைந்து கிடக்கும் கரையை இந்தப் பருவமழைக்கு முன் கட்டுங்கள். முழுத் திட்டத்துக்கு நிதி வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். உடைந்த இடத்தை மட்டுமாவது செப்டம்பர் முடிவதற்குள் மூடுங்கள். மணல் மூட்டை இரண்டு மழைக்குத் தாங்காது, மண் அணைத்துக் கல் பதிக்க வேண்டும். முகத்துவாரத்தில் தூர் வாரும் வேலையை மீனவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில், மழைக்கு முன் முடியுங்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு ஜேசிபியை அனுப்புவதால் பயன் இல்லை.

எச்சரிக்கையை எங்களுக்குப் புரியும்படி கொடுங்கள். ஆற்றுப் பாலத்திலும் எங்கள் தெருமுனையிலும் அளவுக்கம்பம் நட்டு நிறம் அடியுங்கள். பூண்டியிலோ புழலிலோ ஷட்டர் தூக்கியவுடன், எத்தனை மணிக்கு, எந்த அளவுக்கு இங்கே ஏறும் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் வந்து தெருத்தெருவாகச் சொல்லுங்கள். நள்ளிரவாக இருந்தாலும் சொல்லுங்கள். கைபேசி இல்லாத வீடுகளும், இருந்தும் மின்சாரம் போனால் அணைந்துவிடும் கைபேசிகளும்தான் இங்கே அதிகம்.

மாடுகளுக்கு மேட்டுநிலத்தில் ஓர் இடம் ஒதுக்கி, கொட்டகை போட்டு, தீவனமும் கால்நடை மருத்துவரும் இருக்கும்படி செய்யுங்கள். முகாமுக்குப் பக்கத்திலேயே அது இருக்கட்டும். அப்படி ஓர் இடம் இருந்தால் அறிவிப்பு வந்த உடனே எங்கள் முதியவர்கள் தாமாகவே கிளம்பிவிடுவார்கள்.

நகர்ப்புறத்திலும் கிராம சபை போலப் பகுதி சபை நடத்தலாம் என்று விதி வந்துவிட்டது. எங்கள் வார்டில் ஆகஸ்டு மாதத்துக்குள் ஒரு பகுதி சபையைக் கூட்டுங்கள். ஆற்றைப் பார்க்கும் பொறியாளரும், வடிகாலைப் பார்க்கும் பொறியாளரும், சாலை போடுகிறவரும் ஒரே நாளில் ஒன்றாக அதில் உட்கார வேண்டும். இது எங்கள் துறை அல்ல என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு நாங்கள் அலைந்தது போதும். இருளர் குடும்பங்களுக்கும் மீனவர்களுக்கும் முறையாக அழைப்பு அனுப்புங்கள். ஆற்றின் அடியை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

எங்கள் மனுவுக்கு நீங்கள் கொடுத்த பதிலைத் திரும்பப் பெற்று, நேரில் வந்து பார்த்தபின் புதிய பதிலை எழுத்தில் கொடுங்கள். எந்த வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பது அதில் இருக்க வேண்டும். முப்பது நாளுக்குள் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கொசஸ்தலை ஆற்றங்கரைத் தெரு மக்கள் சார்பில்,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
மணலி மண்டலம், சென்னை